ஆறாவது மாடியில் அடித்துக்கொண்ட பூட்டு

ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஓர் உயிரைக் காப்பாற்றினேன். அதுவும் எழுபது வயதில், நான்கே நிமிடத்தில், மூக்குக் கண்ணாடி இல்லாமல்!

நம்ப மாட்டீர்கள். என் மாப்பிள்ளையும் நம்பவில்லை. அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். பெற்ற தாய் சொன்னாலும் சாட்சி கேட்பார்.

காலை பதினொரு மணி. போன் அலறியது.

மகள்!

"அப்பா... எங்க முதலாளி மூணாவது மாடி குளிர் அறையில மாட்டிக்கிட்டார். கதவு திறக்கல."

அவள் வேலை பார்க்கும் கிடங்குக்கு ஆறு மாடி. மாடிக்கு நாலு இரும்புக் கதவு. ஆபத்து என்றால் ஒரே பொத்தான்... எல்லாக் கதவும் வரிசையாகத் திறக்க வேண்டும். அதற்கான புரோகிராமை மகள் நேற்றுதான் ஏற்றினாள். லீவு கேட்டு முதலாளியோடு சண்டை போட்டதும் நேற்றுதான். ஆபீஸே வேடிக்கை பார்த்தது.

உள்ளே மைனஸ் இருபது டிகிரி. மனிதர் மெல்லிய சட்டையில்! கதவை அறுக்க ஒரு மணி நேரம் ஆகும். அவர் அரை மணி தாங்கமாட்டார்.

சைக்கிளில் பறந்தேன். வழியில் இரண்டு பஸ், ஒரு ஆம்புலன்ஸை முந்தினேன்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் மாப்பிள்ளை. கையில் மகளுக்கான விலங்கு!

"நேத்து சண்டை, இன்னிக்கு கதவு. நான் என்ன மாமா நினைக்கட்டும்?"

"அடுத்த வாரம் உங்க கல்யாண நாள் மாப்பிள்ளை. அதை நினைங்க. அவ லீவு கேட்டதே அதுக்குத்தான்."

"கண்ணாடிகூட இல்ல. நீங்க கதவைத் திறப்பீங்களாக்கும்..."

டிக்... டிக்... டிக்...

மேலே என்ன சத்தம் என்று கேட்டேன். ஆறாவது மாடிப் பூட்டுகள், திறந்ததையே திரும்பத் திரும்பத் திறக்கின்றன என்றாள் மகள். முதல் மாடி திறந்துவிட்டது. இடையில் உள்ள நாலு மாடியும் அசையவில்லை.

ஒரு காலத்தில் புரோகிராம் எழுதிப் பிழைத்த என் மூளையில் சைரன்! புரோகிராமை வாசிக்கச் சொன்னேன்.

"திரும்பத் திரும்ப ஓடுற லூப் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளி லூப் மாடிகளை எண்ணுது. எண்ணிக்கை i-ல."

"உள் லூப்?"

"கதவுகளை எண்ணுது. அதுவும்..." அவள் முகம் வெளுத்தது. "i-லதான்ப்பா."

பிடிபட்டான் கொலைகாரன்!

உள் லூப்காரன், எண்ணிக்கையைக் குறித்துவைக்கத் தனக்கென்று ஒரு மாறி வைத்துக்கொள்ளாமல், வெளி லூப்காரனின் கணக்கை அழித்து அதன்மேலேயே எழுதுகிறான். முதல் மாடியின் நாலு கதவையும் எண்ணி முடித்தபோது, i நாலைத் தாண்டி ஐந்தாகிவிட்டது. வெளி லூப் ஒன்று கூட்டியது. ஆறு! ஆறாவது மாடியிலும் நாலு கதவு... மறுபடி ஐந்து, மறுபடி ஆறு. உலகம் அழியும்வரை ஆறு!

"உள்ளே j-ன்னு தனியா ஒண்ணு வை. அது உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகட்டும்."

மாற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

டக். டக். டக்...

மூன்றாவது மாடிக் கதவு வாயைப் பிளந்தது. புருவத்தில் பனியோடு முதலாளி தள்ளாடி வந்தார். பல் தந்தியடிக்க, மகளுக்கு லீவு கொடுத்தார். எத்தனை நாள் வேண்டுமானாலும்!

மாப்பிள்ளை அசரவில்லை. உள் லூப்பை எழுதியது யார் என்று கேட்டார்.

மகள் தரையைப் பார்த்தாள். "நான் எழுதல. வீட்டுல இருந்த பழைய பென் டிரைவ்ல இருந்து எடுத்து ஒட்டினேன். எழுதினவர் பேர் மேல இருக்கு."

மாப்பிள்ளை திரையருகே குனிந்தார். வாசித்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

விலங்கு குலுங்கியது.

"ஒரே எழுத்தை மாத்தி ஓர் உயிரைக் காப்பாத்தினீங்க. நிஜம்தான் மாமா, என் கண்ணால பார்த்தேன். ஆனா அந்த எழுத்தை அங்க வச்சதும் நீங்கதான். கிளம்புங்க... வழியில உங்க கண்ணாடியை எடுத்துக்கலாம். வாக்குமூலத்தைப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்து போடணும்!"