கழற்றாத பின் சீற்

கொக்குவிலில் அந்த ஒழுங்கைக்குள் வானைத் திருப்பும்போதே கொலின்ஸ் முகத்தைச் சுளித்தான். பட்டப்பகல் மூன்று மணி. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்கள். ஒரு நாய்கூட இல்லை. இப்படிப்பட்ட மூலையில் எவன் உருப்படியான சாமான் வைத்திருக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே படலையில் நின்று ஹோர்னை நீட்டி அடித்தான்.

கொலின்ஸ் குருநகர்க்காரன். தகப்பனுடைய படகை விற்று வான் வாங்கி, கலியாண ஹயர் ஓடுகிறவன். இப்போது மாப்பிள்ளைமாருக்கெல்லாம் பழைய கார்தான் வேண்டுமாம். சித்திரைக்குள் ஒன்றைத் தேடி ஓடவிடாவிட்டால் தொழில் படுத்துவிடும். பிறகு கடலுக்குத்தான் திரும்பவேண்டும். கரையில் நின்று மச்சான் கைகொட்டிச் சிரிப்பான். அதனால்தான், திருத்த வேலையைப் பாதியில் விட்ட ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40 கார் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வந்திருந்தான்.

படலையைத் திறந்த கார்க்காரர் தம்பிராசாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்களுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. நித்திரை கொண்டு வருடக்கணக்கான முகம்.

“வாங்கோ தம்பி. கார் பின்னுக்கு நிக்குது.”

“நிக்குதோ, படுத்திட்டுதோ?” என்றான் கொலின்ஸ்.

தகரக் கொட்டிலுக்குள் இருட்டாக இருந்தது. காரின் முன்பாதி புதுப் பெயின்றில் பளபளத்தது. பின்பாதி முழுவதும் துருவேறிய கறள். எஞ்சின் நிலத்தில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் கிடந்தது. லைற்றுகள் ஒரு வாளிக்குள். முன்பக்கத்து ஓட்டையிலிருந்து வயர்கள் கணவாய் மீனின் கால்களைப்போலத் தொங்கின.

“ஆர் உதுக்குப் பெயின்ற் அடிச்சது? குசினிச் சுவருக்கு அடிக்கிறவனோ?”

“மூண்டு மெக்கானிக் மாறிட்டினம், தம்பி. ஒருத்தரும் முடிக்கேல்லை.”

“வேலை தெரியாதவங்களைப் பிடிச்சால் எப்பிடி முடியும்?”

கொலின்ஸ் குந்தியிருந்து அடிச்சட்டத்தை நகத்தால் சுரண்டினான். இரும்பு நல்ல இரும்பு. அவன் அதைச் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழும்பினான். மனதுக்குள் அந்தக் காருக்கு ரோசாப்பூ மாலை போட்டுப் பார்த்துவிட்டான்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

மண்ணெண்ணெய்.

கொட்டிலில் விளக்கும் இல்லை, அடுப்பும் இல்லை. கொலின்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு காருக்குள் தலையை நீட்டினான். முன் சீற்றுகள் இல்லை. கதவுத் தகடுகள் இல்லை. பின் சீற்றை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. பழைய சிவப்பு றெக்சின். நடுவில் ஒரு பள்ளம், யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதைப்போல.

கையை வைத்துப் பார்த்தான்.

ஈரம். இளஞ்சூட்டுத் தண்ணீர்.

“கொட்டில் ஒழுகுது ஐயா. தகரம் மாத்தக்கூட வக்கில்லை, கார் திருத்த வெளிக்கிட்டிட்டியள்.”

“மழை பெய்து ரெண்டு மாதம், தம்பி.”

கொலின்ஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தான். காரின் கண்ணாடி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது நடுங்குகிற நடுக்கம்.

எஞ்சின் நிலத்தில் கிடந்தது.

“வாங்குற ஆளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது,” என்று தம்பிராசா தாழ்ந்த குரலில் தொடங்கினார். “தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையாலை பெற்றோல் வராத காலம். காபிரேற்றருக்கை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடுவம். இடையிலை நிப்பாட்டினால் திரும்ப அந்த ரெண்டு சொட்டு வேணும்.”

“உது என்ரை அப்பாவுக்கும் தெரியும். விசயத்துக்கு வாங்கோ.”

“உடுவிலிலை ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாறன். மேலை, சுடுற ஆமி ஹெலியின்ரை சத்தம். எந்தப் பக்கமெண்டு கேக்கிறதுக்கு எஞ்சினை நிப்பாட்டினன். நிப்பாட்டாதேங்கோ அண்ணை எண்டு அந்தப் பிள்ளை கத்தினது. பெற்றோல் போத்தில் வெறும் போத்தில் எண்டது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. புருசன் பெற்றோல் தேடி ஓடினவன். அவன் திரும்பி வரேக்கை பின் சீற்றிலை சத்தமில்லை.”

கொலின்ஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

“ஓடுற காரை நிப்பாட்டின மோட்டு றைவர்! உங்கடை மோட்டுத்தனத்தை மறைக்க ஒரு பேய்க்கதை வேறை.” காரின் கூரையில் மூன்று முறை தட்டினான். “அக்கா, இந்தக் கறள் பெட்டியிலை இருந்து ஏன் காயிறியள்? வெளியிலை என்ரை வான் நிக்குது, ஏறுங்கோ. ஆஸ்பத்திரியிலை இறக்கி விடுறன். காசும் வேண்டாம்.”

மண்ணெண்ணெய் மணம் நின்றுவிட்டது.

கண்ணாடியின் நடுக்கமும் நின்றது.

கைபிடி இல்லாத பின் கதவு, தானாக, ஒரு சாண் திறந்தது.

கொலின்ஸ் கூரையிலிருந்து கையை இழுத்துக்கொண்டான். தம்பிராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கூனிய தோள் கொஞ்சம் நிமிர்ந்ததுபோல இருந்தது.

“அப்ப, வாங்கிறியளோ தம்பி?”

“உந்தக் குப்பையையோ? எனக்கு வேண்டாம்.”

அவன் விறுவிறுவென்று வெளியே வந்தான். வானின் பின் கதவு திறந்து கிடந்தது. பூட்டிவிட்டு வந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம். அடித்துச் சாத்திவிட்டு ஏறினான்.

ரயில் கேற் மூடியிருந்தது. கேற்றில் எஞ்சினை நிறுத்துவது அவனுடைய வழக்கம். கை சாவித்துவாரத்தில் செருகியிருந்த திறப்புக்குப் போனது.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணை.”

காதுக்குப் பக்கத்தில். மூச்சு வாங்குகிற குரல்.

வானுக்குள் மண்ணெண்ணெய் மணம் நிறைந்தது. கொலின்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் கடந்ததும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே மிதித்தான். பின்னால் ஒரு முனகல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்று.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் காட்டி மறித்தான். பிறகு குனிந்து பின் சீற்றைப் பார்த்தான். அவனுடைய முகம் மாறியது.

“ஐயோ, கெதியாய் உள்ளுக்கை விடுங்கோ!”

அவசரப் பிரிவின் வாசலில் வானை நிறுத்தியபோது கொலின்ஸின் உடம்பெல்லாம் வியர்த்து ஓடியது. வந்து சேர்ந்தாகிவிட்டது. சொன்னபடி செய்தாகிவிட்டது. பெருமூச்சு விட்டான்.

கை வழக்கம்போலத் திறப்பைத் திருப்பியது.

எஞ்சின் நின்றது.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சு திரும்பி வெளியே வரவில்லை.

தள்ளுவண்டியோடு வந்த இருவர் கதவைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. சீற்றின் நடுவில் ஒரு பள்ளம். ஈரம்.

“ஆள் எங்கை?” என்று தாதி கேட்டாள்.

கொலின்ஸ் ஈரமான சீற்றைக் கையால் காட்டினான். தாதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “பட்டப்பகலிலை குடிச்சிட்டு வந்து நிக்குது. எடுங்கோ வானை!”

எடுப்பதற்கு அவன் திறப்பைத் தொடவில்லை. தொட முன்னமே எஞ்சின் ஓடத் தொடங்கியது.

வீட்டு வாசலில் திறப்பைத் திருப்பினான். நிற்கவில்லை. உருவி எடுத்தான். அப்போதும் நிற்கவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கதவைப் பூட்டினான். மனைவி றொசாந்தி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“வானை ஓடவிட்டிட்டு வந்து நிக்கிறியள், விசரோ? உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?”

அவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

விடிந்ததும் தொலைபேசி அடித்தது. தம்பிராசா. குரல் பத்து வயது குறைந்திருந்தது.

“தம்பி, முப்பது வருசத்துக்குப் பிறகு இரவுதான் நித்திரை கொண்டன். அந்தக் கார் உங்களுக்கு வேண்டாமெண்டால் விடுங்கோ, பழைய இரும்புக்குக் குடுக்கப்போறன். பின் சீற்றையும் காலமை கழற்றிப்போட்டன். நல்லாய்க் காஞ்சு கிடக்கு.”

கொலின்ஸ் ஜன்னலைத் திறந்தான். மண்ணெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. நேற்று மாலையே வானின் டீசல் முள் அடியைத் தொட்டிருந்தது.

வான் வாசலில் ஓடிக்கொண்டேயிருந்தது.

திறப்பு அவனுடைய சட்டைப் பைக்குள் இருந்தது.