இனாஸ் விட்டுக்கொடுத்த முறை

புதன்கிழமை காலை. எகிப்தின் தந்தா நகரத்து வங்கி மேலாளர் ராஃபத், சட்டை நனைய வியர்த்துக்கொண்டு நாஹித் அம்மையாரின் கதவைத் தட்டினார். நாஹித், ஓய்வுபெற்ற வங்கி ஆய்வாளர். ஒரு காலத்தில் அவரிடம் எழுத்தராக இருந்த பக்ரியும் உடனிருந்தார். துப்பு என்றால் பக்ரிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மக்கள் போட்ட ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் குறைந்தது இருபது பவுண்டு, கேட்டால் உடனே கிடைக்கும்படி வங்கியிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இருப்பு விளிம்புக்கு வந்துவிட்டது, இன்னும் குறைந்தால் பூட்டுதான் என்று மத்திய வங்கியிலிருந்து ஞாயிறன்று ரகசியக் கடிதம் வந்திருந்தது. அதைப் படித்தவர்கள் ராஃபத்தும் காரியதரிசி இனாஸும் மட்டுமே. இன்று வாசலில் இருநூறு பேர் பணம் கேட்டு நிற்கிறார்கள். ராஃபத்தின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பு.

"குடுத்தா அவங்க பூட்டுவாங்க, குடுக்கலைன்னா ஜனங்க உடைப்பாங்க. வதந்தியைக் கிளப்பினது இனாஸ்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். வாசல்லயே அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டு, எல்லாம் பொய்னு சொல்லிடறேன்."

பின்வாசல் வழியாக வங்கிக்குள் போனார்கள். இனாஸின் கண்கள் சிவந்திருந்தன. இவளேதான் என்று பக்ரி முடிவு கட்டிவிட்டார். நாஹித் மட்டும் நேரே அடுக்களைக்குப் போய் டீ கேட்டார். டீ போடும் உம் ஹாஷிம்தான் ஊழியர்களின் மாதச் சீட்டையும் நடத்துகிறவள். இந்த மாதம் இனாஸின் முறை. மகள் கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும். ஆனால் மேலே உள்ளவர் கேட்டதால் விட்டுக்கொடுத்துவிட்டாளாம். சீட்டுப் பணம் வழக்கமாக அவரவர் வங்கிக் கணக்கில் விழும். இந்த முறை கையில் போயிருந்தது.

மேலாளர் அறையில் எல்லாரையும் உட்கார வைத்து நாஹித் நிதானமாகச் சொன்னார்.

"இனாஸ் வாய் திறக்கல. கிளப்பினது நீங்கதான் சார்."

"நானா? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே."

"விடவே வேண்டாமே. சீட்டுல கடைசியா இருந்த உங்க முறையை திங்கக்கிழமை முன்னால இழுத்தீங்க. கணக்குல போடாத, கையில குடுன்னீங்க. மேனேஜரே பேங்கை நம்பலைன்னா டீ போடறவ என்ன நினைப்பா? அன்னிக்கே தன் பணத்தை எடுத்தா, அக்காகிட்ட சொன்னா. அவ அக்கா மீன் விக்கிறவ. அப்புறம் ஊருக்கே தெரியாதா?"

உம் ஹாஷிம் தலை கவிழ்ந்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பார்த்திருக்கிறாரே மனுஷன் என்று பக்ரிக்கு ஆத்திரம் வந்தது. இனாஸைச் சந்தேகித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ராஃபத் மேசை இழுப்பறையைத் திறந்து சீட்டுப் பணத்தை எடுத்தார். இப்போதே எல்லார் கண் முன்னாலும் இதை வங்கியில் கட்டிவிடுகிறேன் என்று, நாஹித் தடுக்கத் தடுக்க, கூடத்துக்கு ஓடினார்.

கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேலாளர் கையில் பணத்தோடு ஓடுகிறார். யாரோ ஒருத்தி, "அவரே எடுத்துக்கிட்டு போறாரு" என்றாள். அடுத்த நொடி கண்ணாடி நொறுங்கியது.

மதியம் இரண்டு மணிக்கு வங்கி பூட்டப்பட்டது. நடைபாதையில் உட்கார்ந்திருந்த இனாஸின் சேமிப்பு முழுவதும் உள்ளே இருந்தது. கடிதத்தைப் படித்த பிறகும் ஏனம்மா எடுக்கவில்லை என்று பக்ரி கேட்டார்.

"எடுத்தா மூடிடுவாங்கன்னுதானே அதுல எழுதியிருந்துச்சு, அண்ணே."