கண் மூடிய படங்கள்

"சார், உங்களுக்குக் கண்ணு வேணுமா வேண்டாமா?"

வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு அவள் சீறியபோது, அவன் கேமராவோடு ஓரடி பின்வாங்கினான். நெருப்புப் பொறி பறக்கும் இடத்தில் வெறுங்கண்ணோடு குனிந்து பார்க்கிற ஆளை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

"வேணுங்க. அத வச்சுத்தான் பொழப்பே ஓடுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

தொழிற்பயிற்சிக் கூடத்தில் படிக்கிற எல்லோரையும் அவரவர் கருவியோடு படமெடுத்து முன்கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறார்கள். அதற்காக வந்தவன் அவன். லேத் பிரிவு, மரவேலைப் பிரிவு எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது வெல்டிங் பிரிவின் ஒரே பெண்ணான அவள்தான். ஃப்ளாஷ் மின்னும்போதெல்லாம் இமைகள் தாமாக மூடிக்கொண்டன. வெளிச்சம் வெட்டினால் கண்ணை மூடு என்று பழகிப்போன உடம்பு... வந்தது கேமரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

"தூங்குற மாதிரியே இருக்கு மேடம். அடுத்த வியாழக்கிழமை வரட்டுமா?"

வந்தான். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தான்.

லேத் பிரிவில் அவளுக்கு ஒரு தோழி. லேத்திலிருந்து விழும் இரும்புச் சீவலைப் போலத் தலைமுடி இருப்பதால் அவள் பட்டப்பெயர் சுருள்.

"என்னை ரெண்டே நிமிஷத்துல எடுத்து முடிச்சாரு. உனக்கு மட்டும் என்னடி, மெகா சீரியலா?"

"கண்ணு மூடிக்குதுடி. நான் என்ன பண்றது?"

"கண்ணுதான் பிரச்சினையா... சரி சரி, நான் எதுவும் கேக்கல."

அவன் படத்துக்காக வருகிறானா, இல்லை... அந்த 'இல்லை'யைத் தாண்டி யோசிக்க அவளுக்குத் துணிவில்லை. வேலையில் சுத்தம் பார்க்கிறவன் வரத்தான் செய்வான் என்றது மனம். பிறகு ஏன் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறான் என்று கேட்டதும் அதே மனம்தான்.

அன்றிரவு வீட்டில் தன் அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்து, செல்போன் ஃப்ளாஷைத் தன் முகத்துக்கு நேரே அடிக்கச் சொன்னாள்.

"இதென்னடி புதுப் பைத்தியம்?" என்றபடி அக்கா அடித்தாள். தினமும் அடித்தாள்.

ஒரு நாள் இமை அசையவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் செல்போனை வாங்கி அணைத்துவிட்டாள். கண் திறந்துவிட்டால் படம் முடிந்துவிடும். படம் முடிந்தால் அவன் எதற்கு வரப்போகிறான்?

வியாழக்கிழமை நல்ல மழை. கேமராவைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு தான் மட்டும் நனைந்து வந்தான்.

"இன்னைக்குத்தான் கடைசி. நாளைக்கு மாட்டணும். இன்னைக்கும் மூடிட்டீங்கன்னா சுவத்துல உங்க இடம் காலிதான்."

அந்தச் சுவரில் தன் முகம் இருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள். முகமூடியைத் தூக்கினாள். கேமராவுக்கு மேலாக அவன் கண்கள் ஒரு கணம் அவளைத் தொட்டன. அவன் இமை முடியில் மழைத்துளி... திற. வேண்டாம், மூடு. திற...

இறுக்க மூடிக்கொண்டாள்.



"நான் இன்னும் பட்டனே அழுத்தலையே..." என்றான் அவன், மெதுவாக.

அவள் காது மடல் வரை சுட்டது. அவன் கேமராவைத் திருப்பிக் காட்டினான். அதன் திரையில், ஜன்னலோரம் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்கிறாள் அவள். நெற்றியில் கரி. கண்கள் அகலத் திறந்திருந்தன.

"இது எப்ப எடுத்தது?"

"மொத வாரமே. ஃப்ளாஷ் இல்லாம."

"அப்போ இத்தனை வாரமும் என்னை முட்டாளாக்கினீங்களா?"

"படம் கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டா, திரும்ப வர என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல." குரல் இறங்கியது. "உங்களப் பாக்கத்தான் வந்தேன். தப்புன்னா சொல்லுங்க. படத்த மாட்டிட்டு இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள். உள்ளே ஒரே இருட்டு. என்னிடமே பொய்யா என்று ரோஷம் பொங்கியது. நீ மட்டும் என்ன செய்தாய் என்று அந்த இருட்டு கேட்டது. கோபமா, வெட்கமா, பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அவன் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது...

முகமூடியைத் தூக்கினாள்.

"என் கண்ணு இப்பல்லாம் ஃப்ளாஷுக்கு மூடாது. அக்காவ வச்சுப் பழகிட்டேன்."

"அப்புறம் ஏன் மூடினீங்க?"

"இடத்தக் காலியா விட்டா... அத நிரப்பவாவது திரும்ப வருவீங்கன்னுதான்."