மூன்றாக வெட்டிய அட்டவணை

கணினிப் பிரிவுக்கு வேலைக்கு வரும் வழியில் மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்தப் பக்கம் போனாள். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கும் மருந்துக் கவுன்ட்டருக்கும் நடுவே ஒரு முற்றம்தான். அதைக் கடப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள்.

"எந்தப் புண்ணியவான் செஞ்சு வச்சானோ இந்தப் புது சிஸ்டத்தை!"

கவுன்ட்டருக்கு உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட மருந்தாளுநன் ஒருவன் திரையைப் பார்த்துப் பொரிந்துகொண்டிருந்தான். நெற்றியெல்லாம் சுருக்கம். கண்கள் மட்டும் கோபிக்கவே தெரியாத கண்கள்...

அவளுக்குச் சுருக்கென்றது.

"புண்ணியவான் இல்ல, சார். புண்ணியவதி. நான்தான்!"

அவன் நிமிர்ந்தான். திரையை மறந்துவிட்டு அவளையே பார்த்தான். அவளும்தான்... ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

"முதல்ல தலையைத் துவட்டிக்கங்க, மேடம்," என்று ஒரு பஞ்சுக் கட்டை நீட்டினான். "ஜலதோஷம் பிடிச்சவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "திட்டுறது இருக்கட்டும். என்ன கோளாறு?"

"சின்ன டாக்டர் காலையில குழந்தைங்க வார்டுல ஒரு வலி மருந்து எழுதிட்டார். பெரியவங்க வார்டுல தினமும் எழுதுற மருந்து, கைப்பழக்கம். குழந்தைங்களுக்கு அதை எழுத ஆபரேஷன் டாக்டருக்கு மட்டும்தான் அனுமதி. உங்க சிஸ்டம் தடுத்திருக்கணுமா இல்லையா? 'சரி'ங்குது!"

"கொடுத்துட்டீங்களா?"

"கொடுப்பேனா? போன் பண்ணிக் கேட்டேன். அவரே பதறிட்டார்."

போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

"அவர் அந்த வார்டுல வேலை பார்க்கிறாரா? பார்க்கிறார். அந்த மருந்தை எழுதுறாரா? எழுதுறார். அந்த வார்டுல அந்த மருந்து உண்டா? உண்டு. மூணும் உண்மை, சார்!"

"மூணும் உண்மைதாங்க... சேர்ந்து குழந்தைகிட்ட போறப்ப பொய்யாயிடுதே?"

அவள் மனசுக்குள் பழைய அட்டவணை விரிந்தது.

முன்பு இருந்தது ஒரே அட்டவணை. எந்த டாக்டர், எந்த வார்டில், எந்த மருந்து என்று மூன்றும் ஒரே வரியில் இருக்கும். திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வருகின்றனவே என்று அதை டாக்டர்-வார்டு, டாக்டர்-மருந்து, வார்டு-மருந்து என்று இரண்டிரண்டாக மூன்று அட்டவணைகளாக வெட்டியவள் அவள்தான். ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி பிரித்து வைக்கும் 'நார்மலைசேஷன்' முறையில் அது கடைசிப் படி. பலர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். வெட்டியதை மறுபடி சேர்த்தால் பழைய வரிகள் மட்டுமே வர வேண்டும். ஒரு வரி கூடினாலும் வெட்டியது தப்பு. வெட்டிய அன்று போன மாதத் தகவலை வைத்துச் சேர்த்துப் பார்த்திருந்தாள், ஒன்றும் கூடவில்லை. ஆனால் சின்ன டாக்டர் இரண்டு வார்டையும் பார்க்க ஆரம்பித்தது இந்த மாதம்தான்... தற்செயலாகச் சரியாக இருந்ததை விதி என்று நம்பிவிட்டாளே, பைத்தியக்காரி!

"இப்ப சோதனைக்குச் சில வார்டுலதான் இந்தப் புது சிஸ்டம் ஓடுது. மதியம் எல்லா வார்டுக்கும் திறக்கப் போறாங்க," என்றாள். "திறக்கப் போறவர் எங்க அப்பா."

கணினிப் பிரிவின் தலைவர் அவர். அப்பா தயவில் வேலைக்கு வந்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு இனி வாய் ஓயாது. அவளை விட அப்பாவுக்குத்தான் தலைகுனிவு.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "நான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்னு சொல்லிடவா? ரெண்டு நாள் தள்ளிப் போடுவாங்க. நீங்க சத்தமில்லாம சரி பண்ணிடுங்க."

முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் பழியை ஏற்க வருகிறானே... தலையாட்டிவிடலாமா என்று ஒரு கணம் மனசு சபலப்பட்டது.

"வேணாங்க. மாட்டினா உங்க வேலை போயிடும். அதுவும் என் தப்புக்கு!"

சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினாள்.

அப்பாவின் அறையில் பெரிய அதிகாரிகள் கூடியிருந்தார்கள்.

"நிறுத்துங்கப்பா... நான் அட்டவணையை வெட்டினது தப்பு. குழந்தைங்க வார்டுல ஆபத்து."

யாரோ கனைத்தார்கள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்து, "பழைய அட்டவணைக்கே போங்க. இப்பவே," என்றார். பிறகு மெதுவாக, "மத்ததை வீட்டுல பேசிக்கலாம்மா," என்றார். அது கோபமா, வருத்தமா? தெரியாமலே அவள் கதவைத் திறந்தாள்.

வெளியே வந்தால், சொட்டச் சொட்ட நனைந்த கோட்டோடு அவன்!

"கவுன்ட்டர்ல யாரு?"

"கூட வேலை பார்க்கிற அக்கா. கெஞ்சிட்டு ஓடி வந்தேன். என்ன ஆச்சு?"

"நிறுத்திட்டார். வீட்டுல இருக்கு எனக்கு."

"பயமா இருக்கா?"

"இருக்கு... ஆனா அதுக்கில்ல."

"பின்ன எதுக்காம்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒரே மாசத் தகவலை நம்பித்தான் இவ்வளவு பெரிய தப்பு பண்ணேன். இப்ப ஒரே ஒரு காலை நேரத்தை நம்பி ஒண்ணு சொல்லப் போறேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவன் நனைந்த கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். போச்சு, அவசரப்பட்டுவிட்டோம் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு காலை போதாது, மேடம்," என்றான் கடைசியில். "நாளைக்கும் பாருங்க. அடுத்த மாசமும் பாருங்க... ஆயுசு முழுக்கப் பக்கத்துலயே இருந்து சரிபார்த்துக்கங்க. எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."