காதில் விழாத மணி

அமெரிக்க செனட் குழு ஒன்றின் தலைவர் செனட்டர் விட்காம்ப் அன்று காலை காபியைக்கூடத் தொடவில்லை. பயங்கரவாதிகளுக்குப் போகும் பணத்தை மறிக்கும் பதவிக்குக் கோரின் ஹால்வோர் என்ற பெண்ணை அதிபர் முன்மொழிந்திருந்தார். அவளை ஏற்பதா வேண்டாமா என்று மதியம் குழு வாக்களிக்க வேண்டும். நேற்றுவரை எதிர்ப்பே இல்லை. இன்று விடிந்ததும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பியவர் பெயரில்லாமல் ஓர் ஒலிப்பதிவு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இஸ்தான்புல் ஓட்டல் ஒன்றில் எடுத்ததாம்.

குழுவின் புலனாய்வாளர் லட்விக்கும், அவரோடு வேலை பார்க்கும் வழக்கறிஞர் டெஸ் மரினோவும் அதைக் கேட்டார்கள். கோரினின் குரல் தெளிவாக ஒலித்தது: "அநாதை இல்லம் பேர்ல போடுங்க. மொத்தமா அனுப்பாதீங்க, பத்துப் பேர் வழியா பிச்சுப் பிச்சு அனுப்புங்க. பேங்க்ல ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

டெஸ்ஸால் நம்ப முடியவில்லை. கோரின் மீது அவளுக்குக் கொள்ளை மதிப்பு. லட்விக்கோ பதிவு தொடங்கிய உடனேயே முகம் சுளித்து, காதிலிருந்த செவித்துணைக் கருவியைத் தட்டினார். அந்தக் கருவிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கதவு திறந்தாலும் கத்தும், கரண்டி விழுந்தாலும் கத்தும்.

கோரின் எதையும் மறைக்கவில்லை. குரல் தன்னுடையதுதான், அந்த ஓட்டலில் ஒரு மாநாட்டுக்காகத் தங்கியதும் உண்மைதான் என்றாள். கள்ளப் பணக்காரன் எப்படிப் பேசுவான் என்று வகுப்புகளிலும், ஆதரவு கேட்டுப் போன செனட்டர்களின் அறைகளிலும் நடித்துக் காட்டுவது அவள் வழக்கம். இது எங்கே பேசியது என்றுதான் தெரியவில்லை.

"எங்கப்பா முதல் வரிசையில உக்காரணும்னு மினசோட்டால இருந்து ரயில்ல வந்திருக்காரு சார்," என்றாள் மெல்ல. "பொண்ணு கொலைகாரங்களுக்குக் கூட்டாளின்னு கேட்டுட்டுத்தான் அவர் ஊருக்குத் திரும்பணுமா?"

லட்விக் மறுபடி பதிவை ஓடவிட்டார். குரலுக்கு அடியில் மெலிதாக டப், டப் என்று ஏதோ உடைந்துகொண்டிருந்தது. டெஸ் அதை ஓட்டல் தட்டுகளின் சத்தம் என்றாள். அவர் தலையசைத்துவிட்டு, கோரின் போய்ப் பார்த்த செனட்டர்களின் அறைகளுக்கெல்லாம் ஒரு நடை போவோம் என்றார்.

வருகிறவர்களுக்குத் தன் மாநிலத்துத் தின்பண்டத்தைக் கொடுப்பது அங்கே எல்லா செனட்டர்களுக்கும் பெருமை. ஒரு அறையில் ஆரஞ்சுச் சாறு கிடைத்தது, இன்னொன்றில் பாலாடைக்கட்டி. டெஸ் நொந்துபோனாள். ஒரு பெண்ணின் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் விருந்து சாப்பிடுகிறார். ஜார்ஜியாவின் செனட்டர் டுபோஸ் அறையில், அவருடைய மூத்த உதவியாளர் ப்ரெஸ்டன் லீல் ஒரு கிண்ணத்தை நீட்டினான். "எங்க ஊரு வேர்க்கடலை சார். எடுத்துக்குங்க." பேசிக்கொண்டே ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். லட்விக் இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியத்துக்கு முன் எல்லோரும் விட்காம்ப் அறையில் கூடினார்கள். கோரின், செனட்டர் டுபோஸ், ப்ரெஸ்டன் மூவரையும் லட்விக் வரவழைத்திருந்தார். இஸ்தான்புல்லில் குளிர் எப்படி இருக்கும் என்று அவர் சாவகாசமாகப் பேசத் தொடங்க, தலைவருக்குப் பொறுமை போயிற்று. அவர் வாயைத் திறக்கும் முன்பே லட்விக் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்.

"ப்ரெஸ்டன், இப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?"

"சத்தமா? ஒண்ணும் கேக்கலையே சார்."

"டெஸ், உனக்கு?"

அவள் விழித்தாள். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"சுவத்துல மணி அடிச்சுது, ரெண்டு தடவை," என்றார் லட்விக். "அவையில சும்மா ஆள் எண்ணறாங்க. நாள் முழுக்க அடிக்கிற மணி. வாக்கெடுப்புன்னா இப்பல்லாம் போனே கூப்பிட்டுருது, அதனால இங்க உள்ளவங்க காதுல இது ஏறுறதே இல்ல. என் காதுல இருக்கிற சனியன் மட்டும் விடமாட்டேங்குது."

பதிவின் தொடக்கத்தை அவர் உரக்க ஓடவிட்டார். இப்போது எல்லோருக்கும் கேட்டது: ஐந்து முறை மணி, பிறகு நாற்காலி நகரும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

"மணி அஞ்சு தடவை அடிச்சா, வாக்களிக்க நேரம் முடியப்போகுதுன்னு அர்த்தம். இஸ்தான்புல் ஓட்டல்ல செனட் மணி எப்படிங்க அடிக்கும்? யாரோ ஒரு செனட்டர் ஓடிப்போயிருக்காரு. ஒருத்தர் உள்ளயே இருந்திருக்காரு." அவர் பையிலிருந்து கடலையை எடுத்து உடைத்தார். டப். பதிவிலும் அதே சத்தம்.

செனட்டர் டுபோஸின் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு, கள்ளப் பணத்தை எப்படி அனுப்புவாங்கன்னு கேட்டதே நான்தான். வாக்கெடுப்புன்னு போன் அதிர்ந்ததும் ஓடிட்டேன். பதிலைக் கேட்டு வைடான்னு இவன்கிட்டதான் சொல்லிட்டுப் போனேன்."

"கேட்டுத்தான் வச்சிருக்கான்," என்றார் லட்விக். "தன் குரலையும் உங்க குரலையும் வெட்டிட்டான். மணியை மட்டும் விட்டுட்டான். காதுல விழாததை எப்படி வெட்டுவான்?"

ப்ரெஸ்டன் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உண்மையைக் கக்கினான். கறுப்புப் பட்டியல்காரர்களின் பணத்தைக் கண்டும் காணாமல் அனுப்பிய ஒரு வங்கி, கோரின் வராமல் பார்த்துக்கொண்டால் பெரிய நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்ததாம். காவலர்கள் அவனை அழைத்துப் போகும்போது டெஸ்ஸுக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

மதியம் குழுவில் ஒரு கைகூடக் கீழே இல்லை. முதலில் உயர்ந்தது டுபோஸின் கை. முதல் வரிசையிலிருந்த கோரினின் அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் முழு அவையின் வாக்கெடுப்பு. தாழ்வாரத்தில் மணி நீளமாக ஒருமுறை ஒலித்தது. இத்தனை வருடங்களில் முதன்முறையாக டெஸ் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றாள். லட்விக் காதைப் பொத்தவில்லை.

கோரின் பெரும் பலத்தோடு வென்றாள். பதவி ஏற்ற கையோடு மேசையில் உட்கார்ந்தவள், பூங்கொத்துகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் ஆட்களை அழைத்தாள்.

"ப்ரெஸ்டனுக்கு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்களே, அந்த பேங்க். முதல்ல அங்கிருந்து ஆரம்பிப்போம்."