மொட்டைமாடித் தக்காளியும் எட்டுப் புறாக்களும்

"உங்க புறாக்களைக் கூண்டுல அடைங்க. என் தக்காளியை ஒண்ணுவிடாம நாசம் பண்ணுதுங்க."

மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தூறலில் நனைந்தபடி நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தான். எவ்வளவு அமைதியான கண்கள்... என்று தோன்றிய நினைப்பை அவள் அப்போதே அதட்டி உட்கார வைத்தாள்.

அவள் ஆபரேஷன் வார்டின் தலைமை நர்ஸ். பெரிய டாக்டர்களே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அப்படிப்பட்டவள் தொட்டியில் வளர்த்த தக்காளி, காய்க்குக் காய் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போனால் சும்மா விடுவாளா?

அவன் ஒரு காயைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொத்தின தடமே காணோமே என்றான்.

"ஆளைப் பாக்காமலே வியாதி சொல்றீங்களே, நர்ஸம்மா..."

சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் அடைத்து வையுங்கள், அப்புறமும் காய் கறுத்தால் நானே வந்து என் கையால் திறந்துவிடுகிறேன் என்று சவால் விட்டாள். அவனுக்கும் ரோஷம் இருந்தது. எட்டுப் புறாக்களையும் அன்றே அடைத்துவிட்டான்.

எட்டாம் நாள் காலை மாடிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். புதிதாக நான்கு காய்கள் கறுத்திருந்தன.

ஆணியில் தொங்கிய சார்ட்டை எடுத்தாள். நோயாளிக்கு வைப்பதுபோலச் செடிக்கும் சார்ட் வைத்திருந்தாள். டூட்டி நாளில் தண்ணீர் இல்லை, வெறும் கோடு. லீவு நாளில் வாளி வாளியாக. இப்படிக் காயப்போட்டும் மூழ்கடித்தும் வளர்த்தால், மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எப்படிப் போய்ச் சேரும்? அது சேராத காய்தான் அடியில் கறுத்துப் போகும். ஊரார் சார்ட்டில் ஒரு சொட்டு குறைந்தாலும் பிடித்துவிடுகிறவள், தன் சார்ட்டை ஒருநாளும் படித்ததில்லை.

பேசாமல் கீழே போய்விடலாமா... ஆனால் கூண்டுக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கெடு முடிந்தது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் வந்து கேட்கவில்லை, கூண்டையும் திறக்கவில்லை. சொன்ன சொல்லை அவள் காப்பாற்றுவாள் என்று நம்பிக் காத்திருக்கிறான். அந்த நம்பிக்கைதான் அவளை என்னவோ செய்தது.

சார்ட்டோடு அவன் மாடிக்கே போனாள். அவன் கூண்டருகே நின்றிருந்தான். தன் கையால் கொக்கியை எடுத்தாள். எட்டும் மழை விட்ட வானத்தில் எழும்பின.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். தலை குனியவில்லை. "இப்படி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவன் சார்ட்டை வாங்கிப் படித்தான். பேனாவை எடுத்து, அடுத்த வாரத்து டூட்டி நாள்களுக்கு எதிரே தன் கையெழுத்தைப் போட்டான்.

"இந்த நாளெல்லாம் நான் தண்ணி விடறேன்."

"எத்தனை வாரத்துக்கு?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

"சொல்ல மாட்டேன்..." என்றவளின் குரல் முதல்முறையாக இறங்கியது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."