அவன் கை நின்றுபோன வாக்கியம்

அன்றைக்கு மழைக்கு அவள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவளை, அவள் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் மையத்தின் கூடத்து வாசல்வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஒரு கையில் மடங்க மறுக்கும் குடை, தோளில் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன்... ஃபோனில் அக்கா.

கூடத்தில் பிள்ளைகள் ஆறு பேர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள். ஆறு பேருக்கும் காது கேட்காது. மீதி ஆறு பேர், காது கேட்பவர்கள், இன்னும் வரவில்லை. அதனால்தான் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா... என்னத்த நல்லா? திங்கக்கிழமை காலையில வாயைத் திறந்தா தொண்டை கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பேசினதுதான் கடைசி. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மனசுல இருக்கறதைப் பேசுங்கன்னு பாடம் எடுக்கறேன், இந்த ஊருக்கு வந்து எனக்குப் பேச ஒரு ஆள் இல்ல. நேத்து கடைக்காரர் 'பை வேணுமா'ன்னு கேட்டார் பாரு... அதுக்கே சந்தோஷமா இருந்துச்சுக்கா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. யாராவது கேட்டால் மழைத்தண்ணி என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்கத்தான் யார் இருக்கிறார்கள்?

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். திக்கென்றது.

ஆறு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. 'பட்டாசு' என்று எல்லாரும் கூப்பிடும் பெண், எப்போதும் சிரித்தே மாளாதவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அழத் தயாராக இருந்தாள். அவர்களுக்கு எதிரே நாற்காலியில், உள்ளே வரும்போது அவள் கவனிக்காத ஒருவன். கோடோ பூவோ இல்லாத கறுப்புச் சட்டை. அவன் கைகள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன... அவளுடைய கடைசி வார்த்தை முடிந்து ஒரு நொடி கழித்து அவையும் மடியில் வந்து அடங்கின.

"யா... யாரு நீங்க?"

கைகள் எழுந்தன. அதையும் பிள்ளைகளுக்குச் சைகையில் சொன்னான்.

"ஐயோ, இதை எதுக்குச் சொல்றீங்க?"

அதையும் சொன்னான். பட்டாசு அழுகையை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டாள்.

வழக்கமாக வரும் சைகை மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவன் இவன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பட்டாசு எழுந்து வந்து தன் ஃபோனில் எழுதியதைக் காட்டினாள். 'மிஸ், இந்த ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடுங்க. எங்கம்மா ரொம்பப் பேசுவாங்க.'

மற்ற பிள்ளைகள் வந்து சேருவதற்குள் அவனை நடைபாதைக்கு அழைத்துப்போய் வெடித்தாள்.

"அது என் சொந்த விஷயம் சார். யாரோ ஒருத்தி அழறதை ஊருக்கு எடுத்துச் சொல்றதுதான் உங்க வேலையா?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் போலத் தெளிவான கண்கள் அவனுக்கு... எதையும் ஒளிக்கத் தெரியாத கண்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கவா? அந்த ரூம்ல காது கேக்கறவங்க இருந்திருந்தா அப்படிப் பேசியிருப்பீங்களா?"

அவள் திரும்பிக் கூடத்துக் கதவைப் பார்த்தாள்.

"ரூம்ல ஒரு சத்தம் கேட்டா அவங்களுக்கும் அது போய்ச் சேரணும். கதவு சாத்தற சத்தமா இருந்தாலும் சரி. எது போகணும், எது போகக்கூடாதுன்னு நான் பொறுக்கி எடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் அவங்க என்னை எப்படி நம்புவாங்க?"

"பெரிய நியாயஸ்தர்! நான் அழுததைக்கூடச் சொல்லிட்டீங்கள்ல?"

"அழுததை மட்டும் சொல்லலையே..." அவன் தயங்கினான். "அழுதுக்கிட்டே சிரிச்சீங்க. ரெண்டையும்தான் சொன்னேன்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருப்பதைப் போலச் சில நேரம் ஆளைச் சுடுவது வேறு எதுவும் இல்லை. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கவேண்டும், யாரும் வெளியே நிற்கக்கூடாது என்று மேடை மேடையாகப் பேசுகிறவள் அவள். அவளே அந்த ஆறு பேரையும் அறையில் இல்லாதவர்களாக நினைத்துப் பேசியிருக்கிறாள்!

அன்று சாயங்காலமே மையத்தின் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். மொழிபெயர்ப்பாளரை மாற்றித் தரவேண்டும். காரணம் சொல்லவேண்டிய இடம் வந்தது. கோபத்தில் கை எழுதியது: 'இவர் நம்பத் தகுந்தவர் அல்ல.'

மேலாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "பழைய ஆள் வேற வேலைக்குப் போயிட்டார். புது ஆள் கிடைக்க நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் இவரை வெச்சு ஓட்டும்மா."

ஓட்டினாள். முதல் சனிக்கிழமை அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பேசினால் அவன் கைகள் பேசும். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் அவையும் நிற்கும். முப்பத்தொரு வயதில், அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கீழே சிந்தாமல் கேட்கிற ஒரு ஆளை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள். சம்பளத்துக்குத்தான் கேட்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு என்னவோ கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் பாடம், தனிமை. அந்தச் சொல்லை எத்தனையோ வகுப்புகளில் பலகையில் எழுதியிருக்கிறாள். அன்றைக்கு அவன் ஒற்றை விரலை மார்புக்கு முன்னால் நிறுத்தி, மறு கையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். வட்டத்துக்குள் வேறு எதுவும் இல்லை. அவ்வளவுதான். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மூன்றாம் வாரம் மதிய இடைவேளையில் மாடிப்படியில் அவன் மட்டும் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஏன் சார் இங்க உக்காந்து சாப்பிடறீங்க? அங்க எல்லாரும் இருக்காங்களே..."

"அங்க உக்காந்தா கை சும்மா இருக்காது மேடம். யாராவது பேசினா தானா எழும்பிடும். சாப்பாடு இறங்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"வீட்லயாவது நிம்மதியா சாப்பிடுவீங்களா?"

அவன் டப்பாவைப் படியில் வைத்தான். "எங்கப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது. எங்க வீட்ல சத்தமே இருக்காது. ஆனா பேச்சு நிக்காது. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, சண்டை போடும்போது... எப்பவும் கை பேசிக்கிட்டே இருக்கும். இப்ப ரெண்டு பேரும் இல்ல. இப்பவும் வீட்ல சத்தம் இல்ல... பேச்சும் இல்ல."

ஆறுதல் வார்த்தைகள் அவள் தொழிலில் மூட்டை மூட்டையாக உண்டு. ஒன்றுகூட அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"அன்னைக்கு நீங்க ஃபோன்ல பேசினீங்கள்ல... அதைக் கையில சொல்லும்போது, யாரோ என் வீட்டு விஷயத்தை எடுத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சு," என்றான் அவன். சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். மேலாளரின் அறைக் கதவுவரை போனாள். வாபஸ் வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். 'நான் எழுதியது பொய்' என்று எழுதித் தரவேண்டும். பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறவள், இப்படி ஒரு பொய்யை எழுதினாள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாகும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷியைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான்காம் சனிக்கிழமை கூடத்து வாசலிலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தாள். வழக்கமான அந்தத் தெளிந்த கண்கள் அன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை.

"இன்னையோட முடியுதாம் மேடம். அடுத்த வாரம் வேற ஆள் வர்றாங்க."

"நான்... வந்து..."

"மாத்தச் சொன்னதுல தப்பே இல்ல. பிடிக்கலன்னா மாத்திக்கலாம். ஆனா நம்பத் தகுந்தவன் இல்லன்னு எழுதியிருக்கீங்க. இது என் ஃபைல்ல ஏறிடும். ஒருத்தரோட வார்த்தையை என் கையில குடுக்கறாங்கன்னா, அந்த நம்பிக்கை ஒண்ணுதான் மேடம் எனக்கு இருக்கற சொத்து."

குரல் உயரவே இல்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுத்த சனிக்கிழமை இதே கூடம் இருக்கும். இதே பிள்ளைகள் இருப்பார்கள். அவள் பேசுவாள், வேறு யாரோ ஒருவரின் கைகள் அசையும். வகுப்பு முடிந்ததும் அதே பஸ், அதே பூட்டிய வீடு... இந்த முறை அந்த வீட்டைப் பூட்டியது அவளே.

அன்றைய பாடம், மன்னிப்புக் கேட்பது. எப்போதும் பாடக் குறிப்பு அட்டையில் இருக்கும் ஒரு கதையைச் சொல்லித் தொடங்குவாள். அன்றைக்கு அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னைக்கு உதாரணம் நான்தான்," என்றாள். அவன் கைகள் எழுந்தன.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி, உங்கள்ல ஆறு பேர் இருந்த ரூம்ல நின்னு ஃபோன் பேசினேன். உங்களுக்குக் கேக்காதுங்கற தைரியத்துல. நீங்க அங்க இல்லவே இல்லங்கற மாதிரி. அது தப்பு. உங்க ஆறு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

பட்டாசு கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அதை உங்களுக்குச் சொன்னவர் மேல எனக்குக் கோபம் வந்துச்சு. அவர் நம்பத் தகுந்தவர் இல்லன்னு எழுதிக் குடுத்தேன். அது பொய். அவர் மனசு எவ்வளவு நொந்திருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன். நான் பேசினதுல ஒரு சொட்டுகூட அவர் கூட்டல, குறைக்கல. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து நான் நம்பற ஒரே ஆள்... அவர்தான்."

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அவன் கைகள் 'நம்பற ஒரே ஆள்' வரை வந்தன. அங்கேயே, மார்புக்கு முன்னால், அந்தரத்தில் நின்றுவிட்டன.

ஒரு நொடி. இரண்டு நொடி. அவன் அவளைப் பார்த்தான்... முதல் தடவையாக, வேலைக்காக இல்லாமல் வெறுமனே பார்த்தான்.

டம், டம், டம் என்று மரத்தரை அதிர்ந்தது. காது கேட்காத பிள்ளைகள் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இப்படித்தான், தரையில் காலால் உதைப்பார்கள். பட்டாசு ரெண்டு காலாலும் உதைத்தாள். காது கேட்கிற பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், நிறுத்தக்கூடாது சார்! அவங்களுக்கும் தெரியணும்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல, அந்த வாக்கியத்தை முடித்தான். முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் நேரே மேலாளரிடம் ஓடினாள். நின்றபடியே எழுதினாள்: 'நான் எழுதியது கோபத்தில் சொன்ன பொய். அவரையே தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்.' மேலாளர் அம்மாள் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது ஆளுக்குச் சொல்லியாச்சேம்மா. பரவால்ல, பழைய லெட்டரை எடுத்துடறேன். ஆனா இவர் இருக்கணும்னா, அதை இவர்தான் சொல்லணும்."

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசல் படியில், கூரைக்கு அடியில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான் அவன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"லெட்டரை மாத்திட்டேன். உங்க ஃபைல்ல எதுவும் வராது. நீங்க... நீங்க இருப்பீங்களா?"

"மேடம், உள்ள சொன்னீங்களே... அது பாடத்துக்காகவா?"

"பாடத்துக்காக யாராவது அழுவாங்களா சார்?"

அவன் பையைக் கீழே வைத்தான். கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன் போல ஒருமுறை கட்டிக்கொண்டான், பிறகு அவிழ்த்தான்.

"ஒன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். எனக்கு வலிக்குது, எனக்குச் சந்தோஷமா இருக்கு, எனக்கு இது வேணும்... எல்லாருக்காகவும் சொல்லியிருக்கேன். அதுல ஒரு 'எனக்கு'கூட என்னோடது இல்ல. எனக்காகப் பேசணும்னா வார்த்தையே வரமாட்டேங்குது."

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு அவசரமே இல்ல."

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள்ல இருந்தே. இது யாருக்காகவும் சொல்லல. என்னோடது."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து தரை அதிர்ந்தது. டம், டம், டம். திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு மூக்குகள் அழுந்திக்கொண்டிருந்தன. பழக்கதோஷம்! வாய் பேசப் பேச அவன் கைகளும் பேசியிருக்கின்றன. நடுவில் பட்டாசு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஐயோ... மன்னிச்சுக்கோங்க, தெரியாம..." அவன் கைகளை அவசரமாகப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அவள் அந்தக் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மழைக்கு மேல் கேட்கும்படி, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இதையும் அவங்களுக்குச் சொல்லுங்க."